எச்.ஐ.வி. உள்ள அம்மாவின் பாலில் சத்து இருக்காதா? குழந்தை எடை பற்றி ஒரு நீண்ட பதில்

குடியாத்தம் பக்கத்திலிருந்து ஒரு அக்கா கேட்டிருக்கிறார். தம்பி மனைவிக்கு எச்.ஐ.வி. இருப்பது கர்ப்பத்தின் நாலாவது மாதப் பரிசோதனையில் தெரிந்தது, அன்றிலிருந்து எச்.ஐ.வி.யை அடக்கும் கூட்டு மருந்து மாத்திரை போடுகிறாள். பெண் குழந்தை, பிறந்தபோது 2.3 கிலோ, இப்போது இரண்டரை மாதத்தில் 4.1 கிலோ. எதிர் வீட்டில் அதே வாரம் பிறந்த குழந்தை ஐந்தரை கிலோ தாண்டிவிட்டது. "வியாதிக்காரி பாலில் என்ன சத்து இருக்கும், பவுடர் வாங்கிக் கொடு" என்கிறார்களாம் இவருடைய அம்மா. நடுநடுவே சர்க்கரைத் தண்ணீரும் உரைத்த வசம்பும் போய்க்கொண்டிருக்கிறது. அங்கன்வாடியில் விஷயத்தைச் சொல்ல வேண்டுமா என்றும் கேட்கிறார்.

நான் டாக்டர் இல்லை. வேலூர் மாவட்டத்தில் நம்பிக்கை மையத்தில், அதாவது அரசாங்கத்தின் எச்.ஐ.வி. பரிசோதனை, ஆலோசனை மையத்தில், ஆலோசகராகப் பல வருஷம் வேலை பார்த்தவள். பாலை நிறுத்தாதீர்கள், மாத்திரையை விடாதீர்கள், சர்க்கரைத் தண்ணீரை இன்றே நிறுத்துங்கள். ஏன் என்று கீழே எழுதுகிறேன், கொஞ்சம் நீளும்.

முதலில் நீங்கள் கொடுத்த எண்களையே கணக்குப் போட்டுப் பார்ப்போம், பாதி பதில் அதிலேயே இருக்கிறது. எந்தக் குழந்தையும் பிறந்த முதல் சில நாளில் கொஞ்சம் எடை இழக்கும், 7 முதல் 10 சதவீதம் வரை இறங்குவது சகஜம். பிறந்த எடைக்குத் திரும்பி வரப் பத்து பதினான்கு நாள் ஆகும். உங்கள் பாப்பா பன்னிரண்டாம் நாள் வாக்கில் 2.3-க்கு வந்துவிட்டாள் என்று வைத்துக்கொண்டால், அதற்கப்புறம் சுமார் 63 நாளில் 1.8 கிலோ ஏறியிருக்கிறாள். ஒரு நாளைக்கு கிட்டத்தட்ட 29 கிராம். முதல் மூன்று மாதத்தில் நாளுக்கு 25 முதல் 30 கிராம் ஏறினால் நல்ல வளர்ச்சி என்றுதான் எந்தக் குழந்தை மருத்துவரும் சொல்வார். அப்படியென்றால் இந்தக் குழந்தை பால் குடித்து வளர்ந்துகொண்டுதான் இருக்கிறது. எதிர் வீட்டுக் குழந்தை எத்தனை கிலோவில் பிறந்தது என்று கேட்டீர்களா? மூன்று கிலோவுக்கு மேல் பிறந்த குழந்தையோடு 2.3-ஐ நிறுத்திப் பார்த்தால் மூன்று மாதம் வரைக்கும் இது மெலிசாகத்தான் தெரியும்.

தாய் சேய் நல அட்டையில் எடை வரைபடம் ஒன்று இருக்கும், அதில் பிறந்த எடை, இப்போதைய எடை இரண்டுக்கும் புள்ளி வைத்துப் பாருங்கள். இரண்டுமே கீழ்க்கோட்டை ஒட்டியோ சற்றுக் கீழேயோதான் விழும், ஆனால் புள்ளிகளைச் சேர்க்கும் கோடு அட்டையின் கோட்டோடு இணையாக மேலே போகிறது. கவலைப்பட வேண்டியது அது படுத்துவிடும்போதும் கீழே வளையும்போதும்தான். இன்னொன்று, தராசைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள். தொங்கும் தராசில் குழந்தை உதைத்துக்கொண்டிருக்கும்போது முள் அப்படியும் இப்படியும் ஆடும், அதில் நடுவாக ஒரு எண்ணைப் பார்த்து எழுதுவார்கள். ஒரு மாதம் சட்டை, கொலுசு, அரைஞாண் எல்லாத்தோடும் நிறுப்பது, அடுத்த மாதம் வெறும் உடம்போடு நிறுப்பது என்று இருந்தால் இல்லாத இறக்கம் ஒன்று அட்டையில் வந்து உட்கார்ந்துவிடும். அதைப் பார்த்து வீடே அழும். ஒரே தராசு, ஒரே மாதிரி உடை.

இனி பால். பொதுவாகத் தாய்ப்பாலில் 100 மில்லிக்கு 65 முதல் 70 கிலோ கலோரி, ஒரு கிராம் புரதம், மூன்றரை நாலு கிராம் கொழுப்பு, 7 கிராம் வாக்கில் லாக்டோஸ் என்னும் பால் சர்க்கரை. எச்.ஐ.வி. இருப்பதால் இந்தப் பெரிய கணக்கு கவிழ்ந்துவிடுவதில்லை. அம்மா ஒல்லியாக இருந்தாலும் உடம்பு தன் சேமிப்பை எடுத்தாவது பாலை ஒரு தரத்தில் வைத்திருக்கும், இது எச்.ஐ.வி. உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் பொது. "தண்ணியா இருக்கு பாரு" என்று பீச்சிக் காட்டுவார்கள். எந்த அம்மாவுக்கும் முதலில் வரும் பால் தண்ணீராகத்தான் தெரியும், கொழுப்பு கடைசியில் வரும், அதனால் ஒரு பக்கம் நன்றாகக் காலியாகும் வரை குடிக்க விட்டுவிட்டு மறு பக்கம் மாற்ற வேண்டும்.

அதற்காக, எந்த மாற்றமும் இல்லை என்று சொன்னால் அதுவும் பொய். மாற்றம் நுணுக்கமான இடத்தில் இருக்கிறது. ஜாம்பியா நாட்டின் லுசாகாவில், எல்லோருக்கும் கூட்டு மருந்து கிடைக்காத காலத்தில் சேகரித்துவைத்த பாலைப் பின்னால் ஆராய்ந்தபோது, எச்.ஐ.வி. உள்ள தாய்மாரின் பாலில் டிரிப்டோபேன் என்கிற அமினோ அமிலம் குறைவாக இருந்தது தெரியவந்தது. நம் உடம்பு தானே செய்துகொள்ள முடியாத அமினோ அமிலம் அது, உணவில்தான் வர வேண்டும். நோய் எதிர்ப்பு மண்டலம் ஓயாமல் உசுப்பப்பட்டுக்கொண்டே இருந்தால் ஒரு என்சைம் டிரிப்டோபேனை உடைத்து கைனுரெனின் என்ற வேறு பொருளாக மாற்றிவிடும், எச்.ஐ.வி.யில் நடப்பது அதுதான். குழந்தையின் வளர்ச்சிக்கும் குடலுக்கும் எதிர்ப்புச் சக்திக்கும் டிரிப்டோபேன் வேண்டும் என்பதால், எச்.ஐ.வி. தொற்றாத குழந்தைகள்கூடச் சில நேரம் ஏன் சற்றுக் குட்டையாகவும் மெலிந்தும் இருக்கிறார்கள் என்பதற்கு இது ஒரு துப்பாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் பார்க்கிறார்கள். காரணம் இதுதான் என்று நிரூபணம் ஆகவில்லை.

அதே ஜாம்பியா ஆய்வில் இன்னொரு விஷயம், எனக்கு ரொம்பப் பிடித்தது. தாய்ப்பாலில் ஒலிகோசாக்கரைடு என்று சில சர்க்கரைகள் உண்டு, குழந்தையால் அவற்றைச் செரிக்கவே முடியாது. குடலில் நல்ல பாக்டீரியாவுக்கு அவை தீனி, அதோடு கிருமிகள் குடல் சுவரில் ஒட்டாமல் தடுக்கிற வேலையும் செய்கின்றன. இந்தச் சர்க்கரைகள் மொத்தத்தில் அதிகமாக இருந்த தாய்மாரிடமிருந்து பால் வழியாக எச்.ஐ.வி. பரவுவது குறைவாக இருந்தது. அவற்றில் ஒரே ஒரு வகை மட்டும் கூடுதலாக இருந்தால் கணக்கு தலைகீழ். எச்.ஐ.வி.யைக் கடத்தக்கூடிய அந்தப் பாலிலேயே அதைத் தடுக்கும் சரக்கும் இருக்கிறது: இந்தச் சர்க்கரைகள், ஐஜிஏ என்னும் எதிர்ப்புப் புரதம், கிருமியைத் தடுக்கும் லாக்டோஃபெரின், லைசோசைம் என்னும் புரதங்கள். மருந்தே இல்லாத நாளிலும் பால் குடித்த குழந்தைகளில் பெரும்பாலானோருக்குத் தொற்றாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

மருந்து இல்லாத நாளின் கணக்கு என்ன? குழந்தைக்குத் தொற்றும் வாய்ப்பு கர்ப்பம், பிரசவம், பால் மூன்றும் சேர்ந்து 15 முதல் 45 சதவீதம் வரை, அதில் பாலின் பங்கு மட்டும் 5 முதல் 20. சின்ன எண் இல்லை. உங்கள் அம்மாவின் பயம் அந்தக் காலத்தில் நியாயமான பயம்தான். நம் ஊருக்கும் அந்தக் காலத்துக்கும் ஒரு சம்பந்தம் உண்டு: 1986-ல் சென்னையில் எடுத்த ரத்த மாதிரிகளை டாக்டர் நிர்மலா வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்குக் கொண்டுவந்து சோதித்தபோதுதான் இந்தியாவில் முதல் முதலாக எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தது. அந்தப் பயத்தை முதலில் பார்த்த ஊர்களில் ஒன்று இது, அதனால் பெரியவர்கள் மனதில் ஆழமாகப் பதிந்திருப்பதில் ஆச்சரியமில்லை.

இப்போது நிலைமை வேறு. அன்றைய கணக்கில் இன்னும் மருந்து தேவைப்படாத நிலையில் இருந்த தாய்மாரில் ஒரு பாதிப்பேருக்குத் தொடர்ந்து மருந்தும், மறு பாதிப்பேரின் குழந்தைகளுக்குச் சொட்டு மருந்தும் கொடுத்து ஒப்பிட்ட பிராமிஸ் ஆய்வு ஆப்பிரிக்க நாடுகளோடு இந்தியாவிலும் நடந்தது. இரண்டு பக்கமும் பால் வழிப் பரவல் ஆறு மாதத்தில் 0.3 சதவீதம், ஒரு வருஷத்தில் 0.6. நூற்றில் ஒன்றுகூட இல்லை. பூஜ்யமும் இல்லை, அதையும் மறைக்கக் கூடாது. மாத்திரை ரத்தத்தில் வைரஸை அடக்கினால் பாலிலும் அடங்கும். பாலில் இருக்கும் செல்களுக்குள் ஒளிந்திருப்பது மட்டும் மெதுவாகத்தான் குறையும். மாத்திரை பாலில் கலந்து குழந்தையைக் கெடுக்காதா என்று கேட்பார்கள். இப்போது கொடுக்கிற மூன்று மருந்து ஒரே மாத்திரையில் டெனோஃபோவிர் பாலுக்கு மிக மிகக் கொஞ்சமே போகிறது, டோலுடெக்ராவிர் தாயின் ரத்தத்தில் இருப்பதில் 3 சதவீதம் வாக்கில். பயப்பட வேண்டிய அளவு இல்லை.

இந்த மாத்திரை விஷயத்தில் ஒரு நடைமுறைத் தகராறு உண்டு, பல பேர் கவனிப்பதில்லை. பிரசவமான பெண்ணுக்கு இரும்புச்சத்து மாத்திரையும் கால்சியம் மாத்திரையும் கொடுத்து அனுப்புவார்கள். அந்த இரண்டும் டோலுடெக்ராவிரைப் பிடித்துக்கொண்டு குடலில் உறிஞ்ச விடாது. வெறும் வயிற்றில் எல்லாவற்றையும் ஒரே வாயில் போட்டு விழுங்கினால் எச்.ஐ.வி. மருந்து பாதி வீண். சாப்பாட்டோடு சேர்த்துப் போட்டால் பரவாயில்லை, இல்லையென்றால் எச்.ஐ.வி. மாத்திரையை இரும்பு, கால்சியத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னால் அல்லது ஆறு மணி நேரம் கழித்துப் போட வேண்டும். வயிற்று எரிச்சலுக்குக் குடிக்கிற ஜெலுசில் மாதிரி மருந்துக்கு இந்தச் சாப்பாட்டுச் சலுகைகூடக் கிடையாது, இடைவெளி விட்டே ஆக வேண்டும். டப்பாவைக் குலுக்கினால் மாத்திரைச் சத்தம் கேட்குமே என்று பஞ்சு அடைத்து அரிசிப் பானைக்குள் வைக்கிற பெண்களைத் தெரியும். யார் கண்ணிலும் படாமல் போடுவதற்காக எல்லா மாத்திரையையும் ஒரே தடவையில் விழுங்குவது அவர்கள்தான். உங்கள் வீட்டில் எல்லோருக்கும் விஷயம் தெரியும் என்கிறீர்கள், அது பெரிய வசதி. ராத்திரி சாப்பாட்டோடு எச்.ஐ.வி. மாத்திரை, காலையில் இரும்பு, மதியம் கால்சியம் என்று நேரத்தைப் பிரித்து வையுங்கள்.

பாலின் தன்மை நிஜமாகவே மாறுகிற நேரம் ஒன்று இருக்கிறது. பால் கட்டிக்கொண்டு மார்பு வீங்கிச் சிவந்து, காய்ச்சல் வருகிறதே, அப்போது. செல்களுக்கு நடுவே இருக்கும் இணைப்பு தளர்ந்து ரத்தத்திலிருந்து உப்பு பாலுக்குள் கசியும், கூடவே வைரஸும் கூடும். வெளியே வலியோ வீக்கமோ தெரியாமலும் இது நடக்கும், ஆய்வுக்கூடத்தில் பாலின் சோடியத்தை அளந்துதான் கண்டுபிடிப்பார்கள். சில குழந்தைகள் அந்தப் பக்கப் பாலை உப்புக் கரிக்கிறது என்று துப்பிவிடும். காம்பு வெடித்து ரத்தம் கசிந்தாலும் ஆபத்து கூடுகிறது, குழந்தை வாயில் வெள்ளையாக மாவு படிந்தாற்போல் புண் வந்தாலும் அப்படியே. அந்த மாதிரி நேரத்தில் கெட்டுப்போன பக்கத்துப் பாலைப் பீச்சிக் கொட்டிவிட்டு மறு பக்கம் கொடுத்துக்கொண்டே டாக்டரிடம் போக வேண்டும். பீச்சாமல் விட்டால் கட்டு இன்னும் பெரிதாகும். குழந்தையைச் சரியாகப் பிடித்து, காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தின் பெரும்பகுதி வாய்க்குள் போகிற மாதிரி வைத்துக் கொடுத்தால் இந்தத் தொல்லைகளில் பாதி வராது.

அப்படியானால் எச்.ஐ.வி. உள்ள தாயின் குழந்தை, தனக்குத் தொற்றாவிட்டாலும், சராசரியாக ஏன் கொஞ்சம் சின்னதாக இருக்கிறது? பாலை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. பல குழந்தைகள் பிறக்கும்போதே எடை குறைவு. தாய்க்கு ரத்தசோகை, டி.பி., அடிக்கடி காய்ச்சல், வீட்டில் சம்பாதிக்கிறவர் படுத்த படுக்கை, இதெல்லாம் சேரும். சைட்டோமெகாலோ வைரஸ் என்று ஒன்று நம்மில் பெரும்பாலானோர் உடம்பில் சும்மா கிடக்கும், எச்.ஐ.வி. உள்ள தாயின் பாலில் அது கூடுதலாக வெளியேறுகிறது, சின்ன வயதிலேயே அது தொற்றிய குழந்தைகளின் உயரம் குறைந்ததாக ஜாம்பியாவில் பார்த்திருக்கிறார்கள். தாய் சாப்பிடுவதும் கணக்கில் வரும். 1990-களில் தான்சானியாவில் எச்.ஐ.வி. உள்ள தாய்மாருக்கு பி, சி, இ வைட்டமின்கள் கொடுத்ததில் குழந்தைகளின் எடை நன்றாக ஏறியது, அதே ஆய்வில் வைட்டமின் ஏ தனியாக நிறையக் கொடுத்ததில் பால் வழிப் பரவல் கூடிவிட்டது. ஆகவே மெடிக்கல் ஷாப்பில் நீங்களாகச் சத்து மாத்திரை வாங்கிப் போடாதீர்கள். வேர்க்கடலை, முட்டை, பருப்பு, கீரை, கேழ்வரகுக் களி, முடிந்தால் மீன் என்று சாப்பிட்டாலே தாய்க்கு வேண்டியது வரும். இந்தப் பட்டியலில் பாதியில் டிரிப்டோபேனும் இருக்கிறது. பத்தியம் என்ற பெயரில் பூண்டுக் குழம்பும் சோறும் மட்டும் போட்டுப் பட்டினி போடுவதுதான் எனக்குக் கோபம் வருகிற விஷயம்.

பவுடர் பால். ஐந்து கிலோ குழந்தைக்கு ஒரு நாளைக்கு சுமார் 750 மில்லி வேண்டும், 30 மில்லிக்கு ஒரு கரண்டி வீதம் 25 கரண்டி, கிட்டத்தட்ட 110 கிராம். 400 கிராம் டப்பா நாலு நாள் தாங்காது. மாதம் எட்டு டப்பா. அப்புறம் என்ன நடக்கும் என்பதைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது: மூன்றாவது மாதத்தில் ஒரு கரண்டி குறையும், தண்ணீர் கூடும், குழந்தை வயிறு நிறைந்தது மாதிரித் தூங்கும், எடை நிற்கும். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதும் இருக்கிறது. சித்திரை வைகாசியில் நம் பக்கத்தில் கேன் தண்ணீரும் லாரித் தண்ணீரும்தான், பாலாற்றைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். வேலூர் நகரத்துக் குடிசைப் பகுதிகளில் பிறந்த குழந்தைகளைப் பின்தொடர்ந்த மால்-எட் ஆய்வு எட்டு நாடுகளில் நடந்தது. வயிற்றுப்போக்கே தெரியாவிட்டாலும் குடலில் கிருமி குடியிருந்தாலே குழந்தையின் உயரம் குறைகிறது என்று அது காட்டியது. எச்.ஐ.வி.க்குப் பயந்து பாட்டிலுக்கு மாறும் வீடு இந்த ஆபத்தைத்தான் விலை கொடுத்து வாங்குகிறது.

இது வெறும் யூகமும் இல்லை. போட்ஸ்வானாவில் எச்.ஐ.வி. உள்ள தாய்மாருக்கு அரசாங்கமே இலவசமாகப் பவுடர் கொடுத்தது. 2006 தொடக்கத்தில் கனமழை, தண்ணீர் கெட்டது, வயிற்றுப்போக்கில் இறந்த குழந்தைகளில் மிகப் பெரும்பாலானவை தாய்ப்பால் குடிக்காதவை. லுசாகாவில் நாலாவது மாதத்தில் சட்டென்று பாலை நிறுத்திப் பார்த்தார்கள். இரண்டு வயதில் எச்.ஐ.வி. இல்லாமல் உயிரோடிருந்த குழந்தைகளின் எண்ணிக்கை கூடவில்லை, நிறுத்திய குழந்தைகளின் எடைதான் இன்னும் வேகமாகச் சரிந்தது.

சர்க்கரைத் தண்ணீர், வசம்பு. முழுக்கத் தாய்ப்பால் மட்டும் குடித்த குழந்தைகளைவிட, பாலோடு மற்றதையும் கலந்து வாங்கிய குழந்தைகளுக்குத் தொற்று அதிகம் என்று தென் ஆப்பிரிக்காவின் டர்பனில் 1999 வாக்கிலேயே கண்டார்கள். வேறு ஆகாரம் பிஞ்சுக் குடலின் உள்தோலை எரிச்சலாக்கும், அந்த வழியாக வைரஸ் உள்ளே போக எளிது. சேனை வைப்பது, தேன், கிரைப் வாட்டர், உரைமருந்து, தெருவில் கூவி விற்கிற கழுதைப்பால் எல்லாமே இந்தக் கணக்கில் சேர்ந்ததுதான். ஆறு மாதம் முடியும்வரை தாய்ப்பாலும் டாக்டர் கொடுத்த மருந்தும் தவிர ஒரு சொட்டுத் தண்ணீர்கூட வேண்டாம், கத்திரி வெயிலிலும்கூட. அதே சமயம், இதுவரை கொடுத்துவிட்டோமே என்று பதறி இப்போது தாய்ப்பாலை நிறுத்தினால் அது இன்னும் தப்பு. தாய் மாத்திரை ஒழுங்காகப் போடும் பட்சத்தில், கலந்து கொடுத்ததைவிடப் பால் கொடுக்காமல் விடுவதுதான் குழந்தைக்குக் கெடுதல் என்று உலக சுகாதார நிறுவனம் 2016 வழிகாட்டுதலிலேயே சொல்லிவிட்டது. அம்மாவிடம் சண்டை போடாமல், இதைப் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள்.

நீங்கள் எழுதாமல் விட்ட ஒன்றுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. குழந்தைக்கு எச்.ஐ.வி. தொற்றியிருக்கிறதா என்று பார்க்க ஆறாவது வாரத்தில் குதிகாலில் குத்தி ஒரு அட்டையில் ரத்தப் பொட்டு எடுத்தார்களா, முடிவு வந்ததா? எடை பற்றிச் சந்தேகம் வரும் குழந்தைக்கு முதலில் பார்க்க வேண்டியது அது, ஏனென்றால் தொற்றிய குழந்தைக்குச் சிகிச்சை உடனே தொடங்க வேண்டும், தாமதித்தால் எடை மட்டுமல்ல, உயிரே போகும். எடுக்கவில்லை என்றால் நாளைக்கே அடுக்கம்பாறை அரசு மருத்துவமனைக்கோ, பதிவு செய்த மையத்துக்கோ போங்கள். முடிவு நல்லதாக வந்திருந்தாலும் ஆறாவது மாதம், பன்னிரண்டாவது மாதம், பால் மறந்து ஆறு வாரம் கழித்து என்று மறுபடி உண்டு, கடைசியாக 18-வது மாதத்தில் உறுதி செய்வார்கள். தாயின் வைரஸ் அளவு பிரசவத்துக்கு முன், 32 முதல் 36 வாரத்துக்குள் எடுத்திருக்க வேண்டும். அது ஒரு மில்லி ரத்தத்தில் 1000 பிரதிகளுக்குக் கீழே இருந்ததா என்று கேட்டு எழுதி வாங்குங்கள். குழந்தைக்கு எச்.ஐ.வி. தொற்றாமல் தடுக்கக் கொடுக்கிற நெவிராபின் சிரப்பை ஆறு வாரத்தோடு நிறுத்தலாமா, 12 வாரம் கொடுக்க வேண்டுமா என்பதெல்லாம் அதை வைத்துத்தான். உங்கள் பாப்பாவுக்கு இப்போது 11 வாரம் நடக்கிறது, அதனால் அடுத்த தேதி வரை காத்திருக்காதீர்கள். ஆறு வாரத்திலிருந்து, மற்ற கிருமிகளைத் தடுக்கும் கோட்ரிமாக்சசோல் மருந்தும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.

ஆறு மாதம் முடிந்ததும், தாய்ப்பாலோடு கூடவே குழைத்த சோறு, பருப்பு, முட்டை மஞ்சள் கரு, அங்கன்வாடி சத்துமாவு. குழந்தைக்குத் தொற்றில்லை என்றால் ஒரு வயது வரை பால் கொடுத்துவிட்டு, அதன்பின் ஒரு மாதம் எடுத்துக்கொண்டு மெல்ல மறக்கச் செய்யலாம். வேப்பெண்ணெய் தடவி ஒரே நாளில் நிறுத்தினால் மார்பு கட்டும், மேலே சொன்ன தொல்லை அத்தனையும் அந்தக் கடைசி வாரத்தில் வந்து சேரும்.

அங்கன்வாடி டீச்சரிடம் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. எடை போடவோ சத்துமாவு வாங்கவோ அது தேவையே இல்லை. 2017-ல் வந்த எச்.ஐ.வி. சட்டத்தின்படி அவள் சம்மதம் இல்லாமல் அவளுடைய நிலையை யாரும் வெளியே சொல்லக் கூடாது. அது உங்களுக்கும் எனக்கும் பொருந்தும். நடுராத்திரியில் எதாவது சந்தேகம் என்றால் 1097-க்குப் போன் போடலாம், காசு கிடையாது, பேர் ஊர் சொல்ல வேண்டியதும் இல்லை.